கத்தரியின் ஆணி

அபிஷேகப்பட்டியில் ராத்திரி பதினொன்றரை.
கிளஸ்டரில் என் வேலை வரிசையில் ஏழாவது.
திரையில் அந்த நொதி மெல்லச் சுழல்கிறது:
தொண்ணூற்றொன்பது அமினோ அமிலம் ஒரு பாதி,
அச்சு அசலாய் இன்னொரு தொண்ணூற்றொன்பது மறுபாதி.
மேலே இரண்டு இமைகள், நடுவில் ஒரு குகை.
குகையின் தரையில்
பாதிக்கு ஒன்றாய்க் கொண்டுவந்து வைத்த இரண்டு பற்கள்.

எச்.ஐ.வி. தன் புரதங்களைத் தனித்தனியாய்ச் செய்வதில்லை.
ஒரே நீளமாய்க் கோத்து வெளியே தள்ளும்.
இந்தப் பற்கள் வெட்டினால்தான் அது அதுவாகும்.
வெட்டாவிட்டால் வெறும் உருண்டை,
யாரையும் ஒன்றும் செய்யாது.

மூன்று வருடமாய் அந்தக் குகைக்குள்
கல் திணித்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தோராவது மூலக்கூறு
மைனஸ் பத்து புள்ளி இரண்டு காட்டியது.
அன்றைக்கு மெஸ்ஸில் இரண்டு முட்டை வாங்கினேன்.
மறுவாரம், எண்பத்திரண்டாம் இடத்தில்
வாலினை எடுத்து அலனினைப் போட்டுப் பார்த்தேன்.
வைரஸ் தானாகவே செய்துகொள்ளும் மாற்றம்தான்.
இரண்டு கார்பன் குறைவு.
குகை அவ்வளவுக்கு அகன்றது.
என் கல் உள்ளே கிடந்து ஆடியது.
ஞானதிரவியம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை முக்கூடல்.
தங்கச்சி வடிவுக்கு ஆயிரத்தில் இருநூறு பீடி குறைகிறது.
இலை வெட்ட உட்கார்ந்தேன்.
நனைத்த இலை, தகட்டு அளவு,
கத்தரி வாய் திறந்து மூடும் சத்தம்.
கால் மணி நேரத்தில் வெட்டு நின்றுபோனது.
இலை அலகுக்குள் மடிந்து மடிந்து வழுக்கியது.
நல்ல கூர். முந்தாநாள்தான் சாணை பிடித்தது.
"கூரைப் பாக்காதக்கா, ஆணியப் பாரு"
தலை நிமிராமல் சொன்னாள், நூல் பல்லில்.
ஆணி தளர்ந்திருந்தது.
இரண்டு அலகும் இருந்தன.
கத்தரிதான் இல்லை.

இலையை அப்படியே போட்டேன்.
ரேஷன் கார்டு ஜெராக்ஸின் பின்பக்கம் வரைந்தேன்:
குகையை அல்ல, அடிப்பக்கத்தை.
இரு பாதிகளின் தலையும் வாலும்
நாலு இழையாய்ப் பின்னிக்கொள்ளும் இடம்.
அங்கே ஓர் அந்நிய இழை புகுந்தால்
பாதியும் பாதியும் சேராது.
ஒற்றைப் பல் எதைக் கடிக்கும்?

சந்தோஷம் இருபது நிமிஷம்.
போனில் தேடினால்
நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எங்கோ
இதை எழுதி, செய்து பார்த்து, கைவிட்டும் இருக்கிறார்கள்.
இழை நீளம். செல்லுக்குள் போகாது.
வயிற்றிலேயே செரித்துவிடும்.
அதன் பிறகும் சிலர். அவர்களும்.
"மிச்ச இலைய யாரு வெட்டுவா?" என்றாள் வடிவு.

ஆணியைத் தட்டி இறுக்கி வெட்டி முடிக்க ஒன்பது.
மாடியில் அலாரம்.
தினமும்தான்.
உச்சிமாகாளி அண்ணன் எழுந்து தண்ணீர் மொள்ளும் சத்தம்.
சர்க்கரைக்கு மாத்திரை என்று அவர் சொல்வார்,
சர்க்கரைக்கு என்று நாங்களும் சொல்வோம்.
மாதம் ஒருநாள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார்.
கட்டைப்பையின் அடியில் வெள்ளை டப்பா,
மேலே கத்தரிக்காய்.
அதில் இருப்பது வேறு நொதிகளுக்கான மருந்து.
யாரோ, நாற்பத்தோராவது வழுக்கிய பிறகும்
வீட்டுக்குப் போகாதவர்கள் செய்தது.
என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று
அவரிடம் நான் சொன்னதில்லை.
கெமிஸ்ட்ரி என்பேன்.
"சோப்பு செய்யவாம்மா?" என்று ஒருமுறை கேட்டார்.
ஆமாண்ணே என்றேன்.

இப்போது வரிசையில் நாலாவது.
இழையைச் சின்னதாக்கி, வளைத்து,
நுனியோடு நுனி மூடி வளையமாக்கியிருக்கிறேன்,
வயிறு பிரித்துவிடாதபடிக்கு.
காலையில் இதுவும் வழுக்கலாம்.
கோப்புக்குப் பெயர் கேட்கிறது.
ஆணி 01 என்று அடித்தேன்.
பிறகு யோசித்து
முன்னால் இன்னொரு சுழியம் சேர்த்தேன்.